கப்பலுக்குத் தெரியுமா

பிப்ரவரி 4

மதிப்பிற்குரிய இரண்டாம் அதிகாரி அவர்களுக்கு,

தங்கள் தகப்பன் எழுதிக்கொள்வது. நானும் தங்கள் தாயாரும் சுகம். தாங்களும் தங்கள் கப்பலும் சுகமாக இருப்பதாகத் தங்கள் தாயார் போனில் கேட்டுச் சொன்னாள். இனி நீ என்றே எழுதுகிறேன். இந்தத் தாங்களும் தங்களும் எழுதிக் கை வலிக்கிறது.

நான் ஏன் போனுக்கு வருவதில்லை என்று அம்மாவிடம் கேட்டாயாம். போனில் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் அது முடியாது. உங்கள் ஏஜெண்ட் விலாசத்துக்கு அனுப்பினால் அடுத்த துறைமுகத்தில் உன் கைக்கு வந்துவிடுமாம். எப்போது வந்தாலும் சரி, உட்கார்ந்து முழுவதும் படி.

முதலில் என் வருத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். போன விடுமுறையில் சாப்பாட்டு மேஜையில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "அப்பா, எங்க கப்பல் மேலேருந்து பார்த்தா உங்க படகு ஒரு அலை மாதிரிதான் தெரியும். ரேடார்லயும் அப்படித்தான்" என்றாய். முப்பத்தெட்டு வருஷம் கடலில் நண்டுக்கூண்டு போட்டுத் தூக்கியவன் நான். அந்த நண்டுதான் உன்னைக் கப்பல் படிப்புக்கு அனுப்பியது. அப்படிப்பட்டவனை அலை என்றாய். உன் அம்மா சிரித்தாள். அதையும் நான் மறக்கவில்லை.

இருக்கட்டும். நீ சொன்ன ஏ.ஐ.எஸ். பெட்டியை வாங்கிவிட்டேன். நீ சொன்னதற்காக அல்ல. இந்தப் பருவத்தில் மூடுபனி அதிகம், நம் கூண்டுகள் கிடப்பது கப்பல் வழியின் ஓரத்தில், அதற்காக. நீயே வாங்கி அனுப்புகிறேன் என்றாய். என் படகுக்கு வேண்டியதை நான் வாங்கிக்கொள்வேன். ஒரு கலமும் இன்னொரு கலமும் தாங்கள் இருக்கும் இடத்தையும் போகும் திசையையும் வேகத்தையும் தாங்களாகவே சொல்லிக்கொள்ளும் கருவி என்று நீ விளக்கினாய் அல்லவா, அதைக் கடைக்காரரிடம் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தேன்.

எந்தக் கடை என்று உனக்கே தெரியும். துறைமுகத் தெருவில், மாடிப்படிக்குக் கீழே. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே கடை முழுக்கத் தேடுவாரே, அவர்தான். இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று மற்றதைப் போல மூன்று மடங்கு விலை. அதை வாங்குவதற்கு முன்னால் அரசாங்க ஆபீசில் ஒன்பது இலக்க எண் ஒன்று வாங்க வேண்டுமாம். அதற்கு விண்ணப்பம், படகின் காகிதங்கள், காத்திருப்பு. சின்னப் பெட்டிக்கு அந்தத் தொல்லை எதுவும் கிடையாது. கொண்டுபோய் மாட்ட வேண்டியதுதான்.

நான் ஏமாறுகிற ஆளா? ஒரே கேள்விதான் கேட்டேன். கப்பலுக்குத் தெரியுமா என்றேன். பக்கத்தில் யாரோ ஒரு பம்பை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், காது கிழியும் சத்தம். இருந்தாலும் அவர் பதில் தெளிவாகக் கேட்டது. "தெரியும் ஐயா. நல்லாவே தெரியும். இருபது மைலுக்குத் தெரியும்" என்றார். பிறகு எதற்கு மூன்று மடங்கு?

நானே மாட்டினேன். கூடவே வந்த புத்தகத்தின் முதல் எட்டுப் பக்கங்களை அகராதி வைத்துப் படித்தேன். மீதி எல்லாம் எச்சரிக்கைகள். கை அகலத் திரை. நடுவில் ஒரு புள்ளி, சுற்றிலும் சின்னச் சின்ன முக்கோணங்கள். ஒவ்வொரு முக்கோணமும் ஒரு கப்பல், பெயரும் வேகமும் எழுதியிருக்கிறது. முதல் நாளே ஏழு கப்பல்கள். உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல நாம எங்க?" என்றாள். நடுவில் இருக்கும் புள்ளிதான் நாம் என்றேன். "அது இங்க இருக்கு. அங்க?" என்றாள். அவள் எப்போதும் இப்படித்தான். ஒரு பொருள் வாங்கி வந்தால் ஒரு குறை சொல்லாமல் அடுப்படிக்குப் போக மாட்டாள்.

குளியலறைக் குழாயை மாற்றிவிட்டேன். உன் அறை ஜன்னலுக்குக் கொக்கி போட்டிருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
இனிமேல் எந்தக் கப்பலின் திரையிலும் தெரியக்கூடிய
உன் அப்பா

*

பிப்ரவரி 26

அன்புள்ள மகளுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

என் கடிதம் நேற்றுத்தான் உன் கைக்குக் கிடைத்ததாகவும், படித்த உடனே கரையிலிருந்து போன் செய்ததாகவும் அம்மா சொன்னாள். மூன்று வாரம் நீ நடுக்கடலில் இருந்தால் தபால் என்ன செய்யும். நேற்றுச் சாயங்காலம் வந்த போன் காலையில் வந்திருக்கலாம். உன்னைக் குறை சொல்லவில்லை.

நீ கேட்ட கேள்வியை அம்மா சொன்னாள். அந்தப் பெட்டி உன் அப்பாவிடம் ஒன்பது இலக்க எண்ணைக் கேட்டதா; கேட்கவில்லை என்றால் அது மற்றவர்கள் சொல்வதைக் கேட்கிற பெட்டி மட்டும்தான், தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசாது என்றாயாம். அதற்குப் பதிலைப் பிறகு எழுதுகிறேன்.

படகு இப்போது கரையில் இருக்கிறது. இன்ஜினுக்கு ஓய்வு கொடுத்திருக்கிறேன். அம்மாவுக்குக் கை கால் வலி, கடலுக்கு வரவில்லை. பயப்படும்படி ஒன்றும் இல்லை. கூண்டுகளில் பதினொன்று போய்விட்டன, கயிறு அறுந்துவிட்டது. கூண்டு போனால் பின்னிக்கொள்ளலாம். வீட்டின் பின்பக்கச் சுவருக்கு வெள்ளை அடிக்கலாம் என்றிருக்கிறேன், நேரம் இருக்கிறது.

இன்னொரு விஷயம். என் சிநேகிதன் ஒருவன் இருக்கிறான், உனக்குத் தெரியாது. அவனும் நம்மைப் போலச் சின்னப் படகுக்காரன், ஏழு மீட்டர். அவனுக்கு ஒரு பெட்டி வாங்க வேண்டுமாம், கேட்கவும் பேசவும் செய்கிற பெட்டி. கையில் அதிகம் இல்லை. பேசுகிற பெட்டியிலும் இரண்டு விலை சொல்கிறார்களாம். மலிவானது இரண்டு வாட், அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் பேசும். விலை கூடியது ஐந்து வாட், இன்னும் சீக்கிரம் சீக்கிரம் பேசும். அவன் எதை வாங்கலாம்? இருக்கிற வயர்லெஸ் ஆன்டெனாவிலேயே இதையும் சேர்த்துக் கட்டிவிடலாமா, தனியாக வேண்டுமா? அவன் கொஞ்சம் அவசரப்படுகிறான். உனக்கு நேரம் கிடைக்கும்போது எழுது. சீக்கிரம் நேரம் கிடைக்கட்டும்.

அவன் பிடிவாதக்காரன். அதனால் சுற்றி வளைக்காமல் எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா

*

ஏப்ரல் 2

என் அன்பு மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம். இந்த வரியை ஒப்புக்கு எழுதவில்லை. இன்று காலை எழுந்ததும் அதைத்தான் நினைத்தேன், இருவரும் நலம் என்று. அதனால்தான் இதை முதலில் எழுதுகிறேன்.

என் சிநேகிதனுக்கு நீ எழுதிய நாலு பக்கப் பதில் கிடைத்தது. அவன் நன்றி சொல்லச் சொன்னான். இனி அவனை விட்டுவிடுவோம், அது நான்தான். "உங்கள் சிநேகிதர் தயவுசெய்து இதை வாங்கும்வரை கடலுக்குப் போக வேண்டாம்" என்று நீ அடிக்கோடு போட்டு எழுதியிருந்த அழகிலேயே உனக்கு முதலிலேயே தெரிந்துவிட்டது என்று புரிந்தது. மரியாதைக்குத் தெரியாத மாதிரி இருந்தாய்.

போன கடிதத்தைப் படித்துவிட்டு உன் அம்மா மேஜைமேல் போட்டாள். "வெள்ளை அடிக்கிறதெல்லாம் எழுதியிருக்கீங்க, நடந்தது ஒரு வரி இல்லையே" என்றாள். போனில் அவள் உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று நீ அவளிடம் கோபப்படாதே. "நான் சொல்ல மாட்டேன். உங்க வாயாலதான் சொல்லணும்" என்று என்னிடம் கறாராகச் சொல்லிவிட்டாள். இன்ஜின் சாவி அன்றிலிருந்து அவளுடைய துணி அலமாரியில். பேசுகிற பெட்டி படகில் ஏற வேண்டும், நடந்தது முழுவதும் உனக்குக் கடிதத்தில் போக வேண்டும், இரண்டும் நடந்தால்தான் சாவி. இந்தக் கடிதத்தை அவள் படித்த பிறகுதான் உறையில் போட முடியும். ஆகவே ஒன்றையும் மறைக்க வழியில்லை.

பிப்ரவரி இருபத்தைந்து காலை. நாங்கள் கிளம்பும்போது பனி இல்லை, கூண்டுகளிடம் போய்ச் சேர்ந்தபோது இறங்கிவிட்டது. படகின் முன்பக்கம் நிற்கும் உன் அம்மா எனக்குத் தெரியவில்லை, அவள் குரல்தான் கேட்டது. திரையில் ஒரு முக்கோணம் நாலு மைலில். பன்னிரண்டு நாட் வேகம், நேராக எங்களைப் பார்த்து. நான் அலட்டிக்கொள்ளவில்லை. கப்பலுக்குத் தெரியும், ஒதுங்குவான் என்றேன்.

மூன்று மைலில் உன் அம்மா, "அவன் ஒதுங்கட்டும். நாமளும் ஒதுங்கினா என்ன குறைஞ்சா போயிடுவோம்?" என்றாள். கூண்டுக் கயிறு இழுவை உருளையில் பாதி ஏறியிருந்தது. கூண்டு தூக்குகிற படகுக்கு அவன்தான் வழிவிட வேண்டும் என்றேன். சட்டம் அப்படியா என்று நீ எழுத வேண்டாம். அந்த இடத்தில், அந்தப் பனியில், அது சட்டமும் இல்லை புத்தியும் இல்லை என்று எனக்கே தெரியும். ஒரு மைலில் அவள் மறுபடி கேட்டாள். வயர்லெஸை எடுத்துக் கூப்பிட்டிருக்கலாம். நான் அதையும் செய்யவில்லை. தெரிந்தவனை எதற்குக் கூப்பிட வேண்டும்? திரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். முக்கோணம் ஒரு இழைகூடத் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் அவள் செய்தது. கத்தியால் கயிற்றை அறுத்தாள். அந்தப் பதினொரு கூண்டும் அப்படித்தான் போயின, தானாக அறுந்தது என்று நான் எழுதியது பொய். ஓடி வந்து என்னைத் தோளால் தள்ளிவிட்டு, கியரைப் போட்டு, ஆக்சிலரேட்டரை முழுக்கத் தள்ளினாள். எந்தப் பக்கம் போவது என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று பின்னால் கேட்டேன். கப்பலின் ஊதல் சத்தத்தை வைத்துப் போனாளாம். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அவள் காதைக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

பனிக்குள்ளிருந்து ஒரு சுவர் வந்தது. சிவப்பு, துரு, அதன்மேல் எழுதியிருந்த எண்கள். அண்ணாந்து பார்த்தும் மேல் விளிம்பு தெரியவில்லை. நம் வீட்டு வாசலுக்கும் எதிர் வீட்டு வாசலுக்கும் எவ்வளவு தூரம், அவ்வளவுதான். பின்னால் வந்த அலை படகைப் பாதி நிரப்பியது. நான் பம்பைப் போட்டேன், அவள் வாளியால் இறைத்தாள். இறைத்து முடித்துவிட்டு உட்கார்ந்தாள். திட்டவில்லை. "உங்களுக்கு அவன் தெரிஞ்சான். அவனுக்கு நீங்க தெரியலை" என்றாள். உன் போன் வருவதற்கு எட்டு மணி நேரம் முன்னால், எந்தப் புத்தகமும் படிக்காமல், அவள் சொன்னது அது.

நீ என்னை அலை என்றதும் உண்மைதான். அந்தக் கப்பலுக்கு நான் அதுவாகக்கூட இல்லை. என் கோபத்தை இத்துடன் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். உன் அம்மா சிரித்ததை மட்டும் இன்னும் கணக்கில் வைத்திருக்கிறேன்.

மறுநாள் கடைக்குப் போனோம். கப்பலுக்குத் தெரியும் என்று சொல்லித்தானே கொடுத்தாய் என்று கேட்டேன். கடைக்காரர் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "ஐயா, நீங்க கப்பல் தெரியுமானு கேட்டீங்க. தெரியும்னு சொன்னேன். தெரியுதா இல்லையா?" என்றார். கப்பல் இல்லை, கப்பலுக்கு, கப்பலுக்கு என்றேன். "கப்பலுக்கு என்ன தெரியும்னு எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றார். உன் அம்மாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். அவள், "வீட்டுலயே பாதி எழுத்தை முழுங்கிட்டுத்தான் பேசுவார். அன்னைக்கு ஒரு 'கு'வை முழுங்கியிருப்பார்" என்றாள். கடைக்காரரும் அவளும் சேர்ந்து சிரித்தார்கள். நான் 'கு' போட்டுத்தான் கேட்டேன். பம்பு சத்தத்தில் அவர் காதில் விழவில்லை. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் ஒரு எழுத்தை நம்பி இரண்டு உயிரைக் கொண்டுபோனவன் நான்தான், அவர் இல்லை.

நீ எழுதியபடியே செய்தேன். இரண்டு வாட் போதும், வாட்டைவிட உயரம்தான் முக்கியம், மிச்சப்படுவதை ஆன்டெனாக் கம்பத்தில் போடுங்கள் என்றாய். கேபினுக்கு மேல் மூன்று மீட்டர் கம்பம் நட்டிருக்கிறேன். அசைத்துப் பார், நீதான் அசைவாய். வயர்லெஸுக்கு ஒன்று, இதற்கு ஒன்று என்று தனித்தனி ஆன்டெனா. எண்ணுக்காக ஆபீசில் நாலு நாள் நின்றேன். முதல் நாள் ஒரு காகிதம் குறைவு என்றார்கள், இரண்டாம் நாள் ஒரு காகிதம் அதிகம் என்றார்கள்.

எண்ணைப் பெட்டியில் பதிப்பதுதான் பெரிய பாடு. ஒரு தரம்தான் பதிய முடியும். தப்பாகிவிட்டால் பெட்டி திரும்பக் கம்பெனிக்குப் போக வேண்டும். கடைக்காரர் தான் செய்து தருகிறேன் என்றார், விடவில்லை. படகில் உட்கார்ந்து நான் ஒவ்வொன்றாக அழுத்த, ஆபீசில் நான் எழுதி வந்த சீட்டைப் பார்த்து உன் அம்மா ஒவ்வொன்றாகப் படித்தாள். ஆறாவது எண்ணில் நிறுத்தி, "இது ஒண்ணா, ஏழா?" என்றாள். ஒன்று என்றேன். என் கையெழுத்து எனக்குத் தெரியாதா? அவள் சீட்டை மடித்து வைத்துவிட்டு எழுந்து, வீட்டுக்கு நடந்துபோய், ஆபீஸ் கொடுத்த அச்சடித்த காகிதத்தை எடுத்து வந்தாள். ஏழு. அதையே அழுத்தினேன். படகின் நீளத்தை மீட்டரில் கேட்டது. நான் பழக்கத்தில் அடியில் போட்டுவிட்டேன், இருபத்துமூன்று மீட்டர் படகாகிவிட்டது. திருத்தப் போனபோது, "அப்படியே இருக்கட்டுமே, பயந்து ஒதுங்குவான்" என்றாள். திருத்திவிட்டேன். நான் இனி பொய் சொல்வதாக இல்லை. இந்தத் தடவை புத்தகத்தின் எச்சரிக்கைகளையும் கடைசி வரை படித்தேன்.

பச்சை விளக்கு எரிந்தது. விளக்கு எரிந்தால் போதுமா என்று உன் அம்மா கேட்டாள். இந்த முறை நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நேற்று வெயில் தெளிவாக இருந்தது. சாவியோடு அவளே படகில் ஏறினாள். கப்பல் வழிக்கு வெகு தூரம் தள்ளியே நின்றோம். எண்ணெய்க் கப்பல் ஒன்று வந்தது. வயர்லெஸில் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். ஒரு வாலிபக் குரல் பதில் சொன்னது. நாங்கள் உங்களுக்குத் தெரிகிறோமா என்று கேட்டேன், ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டேன். "தெரியறீங்க" என்றது குரல். எனக்கு அது போதும். உன் அம்மாவுக்குப் போதவில்லை. மைக்கை என் கையிலிருந்து வாங்கி, "எங்க தெரியறோம், எவ்வளவு வேகத்துல போறோம், சொல்லுங்க தம்பி" என்றாள். அந்தப் பிள்ளை சிரித்தான் என்று நினைக்கிறேன். "உங்க படகு எங்களுக்கு இடது கைப் பக்கம், ரெண்டே முக்கால் மைல். நாலு நாட் வேகத்துல போறீங்கம்மா. சரியா?" என்றான். அவள் குனிந்து நம் வேகமானியைப் பார்த்தாள். நாலு.

மைக்கை அதன் கொக்கியில் மாட்டினாள். பிறகு முகத்தைத் துணியால் துடைத்துக்கொண்டே, கடல் தண்ணீர் தெறித்துவிட்டது என்றாள். கடலில் அப்போது அலையே இல்லை. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். என்மேலும் கொஞ்சம் தெறித்திருந்தது. ஐந்து வாரத்தில் முதல் தடவையாக நேற்று இருவரும் வயிறாரச் சாப்பிட்டோம், பகலிலேயே படுத்துத் தூங்கினோம்.

நாளை முதல் வேலைக்குப் போகிறோம். பனி என்றால் போக மாட்டோம். பெட்டி இருந்தாலும் போக மாட்டோம். இது நான் அவளுக்குக் கொடுத்த வாக்கு, உனக்கும் சேர்த்து. ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தால் நானே எடுக்கிறேன். நீ குறுக்கே பேசலாம்.

கடைசியாக ஒன்று. இதை உன் அம்மா படித்தாலும் பரவாயில்லை.

அந்தக் கப்பலின் மேலே அன்று காலை யாரோ ஒரு பிள்ளை காவலுக்கு நின்றிருக்கும். அதன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கும். திரையில் ஒன்றும் இல்லை, பனியில் ஒன்றும் இல்லை, ஊதலையும் முறையாக ஊதியிருக்கிறது. அடுத்த துறைமுகத்தில் இறங்கித் தன் அம்மாவுக்குப் போன் போட்டு, எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று சொல்லியிருக்கும். நாங்கள் அன்று அந்தக் கப்பலுக்கு அடியில் போயிருந்தாலும் அதையேதான் சொல்லியிருக்கும். இந்த ஐந்து வாரமாக நான் அந்தப் பிள்ளையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நினைக்கும்போதெல்லாம் அதற்கு உன் முகமாகவே இருந்தது.

எல்லாப் படகிலும் இந்தப் பெட்டி இருக்காது, மகளே. வாங்க வழியில்லாதவன் இருப்பான். வாங்கியும் என்னைப் போல எதை வாங்கினோம் என்று தெரியாதவன் இருப்பான். கூடவே அவன் மனைவி இருப்பாள். நீ காவலில் நிற்கும்போது திரையைப் பார், நன்றாகப் பார். அதோடு நிறுத்தாதே. கதவைத் திறந்து வெளியே வந்து, குளிராக இருந்தாலும் கொஞ்சம் நின்று, உன் கண்ணால் ஒரு தரம் பார். காதையும் கொடு.

உன் கண்கள் நன்றாக இருக்கட்டும். அவற்றில் பட்டவர்களும் படாதவர்களும் வீடு போய்ச் சேரட்டும்.

இப்படிக்கு,
அப்பா
(படித்தேன். எல்லாம் சரி. அம்மா.)